நடைப்பிணம்

2019-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் தம்பி மகன் என்னைக் குரோம்பேட்டைக்குச் சினிமாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். இழுத்துக்கொண்டு போனான் என்று அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. படத்தின் பெயர் 'ஜாம்பி' என்று கேட்டதும் நான் சேலையூர் பஸ் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டேன். அவன் கையைப் பிடித்துத்தான் வண்டியில் ஏற்றினான்.

வீட்டுத் தொல்லை தாங்காத சில இளைஞர்கள் உல்லாசமாகப் பொழுதைப் போக்க ஒரு விடுதிக்குப் போகிறார்கள். அங்கே யோகி பாபு என்கிற நடிகர் ரவுடி வேஷத்தில் வந்து சேருகிறார். பிறகு செத்தவர்கள் எழுந்து வந்து எல்லாரையும் கடிக்க ஆரம்பிக்கிறார்கள். கடிபட்டவனும் செத்து எழுந்து அடுத்தவனைக் கடிக்கிறான். கதை அவ்வளவுதான். புவன் நுல்லான் என்பவர் டைரக்ட் செய்த படம். யாஷிகா ஆனந்த் என்ற நடிகை இருந்தார். கைபேசித் திரையில் கேலி நாடகம் போட்டுப் பிள்ளைகளிடம் பெயர் வாங்கிய கோபி, சுதாகர் என்ற இருவரும் இருந்தார்கள். ஹாஸ்யத்தில் பாதி பெண்டாட்டிமாரை இளப்பம் செய்வது. அந்தச் சரக்கு நம் சினிமாவில் எத்தனை வருஷம் ஊறினாலும் புளித்ததாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. இருந்தாலும் தியேட்டரில் சிரிப்பு ஓயவில்லை. யோகி பாபு சும்மா திரும்பிப் பார்த்தாலே ஜனங்கள் சிரித்தார்கள். பயந்து அலறியவர் ஒருவரும் இல்லை.

இடைவேளையில் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு என் தம்பி மகன் கேட்டான்:

"ஏன் பெரியப்பா, இதுங்களுக்கு ஃபிளாஷ்பேக்கே கிடையாதா?"

படத்தைப் பற்றி நான் கேட்ட விமரிசனங்களில் இதுதான் உத்தமமானது. நம் பேய்ப் படத்துக்கு ஒரு இலக்கணம் உண்டு. 2007-இல் ராகவா லாரன்ஸ் எடுத்த 'முனி', 2011-இல் வந்த 'காஞ்சனா', 2014-இல் சுந்தர் சி.யின் 'அரண்மனை' எல்லாம் அந்த வார்ப்பில் எடுத்தவைதான். முதல் பாதியில் ஆளாளுக்குப் பயந்து ஓடிச் சிரிக்க வைப்பார்கள். பிற்பாதியில் பேய் தன் வழக்கைச் சொல்லும்: யார் கொன்றான், எந்தச் சொத்துக்காகக் கொன்றான், யார் பொய் சாட்சி சொன்னான் என்று. அப்புறம் நீதி கிடைத்துவிடும். நம் ஊர்ப் பேய் ஒரு கட்சிக்காரர். கோர்ட்டில் கிடைக்காததை வாங்க வருகிறவர். இந்த ஜாம்பிக்கு வழக்கும் இல்லை, ஊரும் பேரும் இல்லை, அதற்குத் தன் பெண்டாட்டியைக்கூட அடையாளம் தெரியாது. நம் கதாசிரியர்கள் திகைத்து நிற்கும் இடம் இதுதான். பிளாஷ்பேக் இல்லாத ஒரு பிராணியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் என்ன செய்வது?

பயங்கரத்தையும் சிரிப்பையும் ஒரே இலையில் பரிமாறுவது நமக்குப் புதிதல்ல. சுமார் 900 வருஷங்களுக்கு முன்பே ஜெயங்கொண்டார் அதைச் செய்து முடித்துவிட்டார். முதற் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற கதைதான் 'கலிங்கத்துப்பரணி'. ஆனால் போர் நடந்த பிறகு போர்க்களத்தில் நடப்பது பெரிய வேடிக்கை. பசியால் வாடிய பேய்கள் வந்து இறங்குகின்றன. யானைக் கொம்பால் பல் துலக்குகின்றன, விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. அப்புறம் பிணங்களையே பண்டமாக வைத்துக் கூழ் அடுகின்றன. பந்தியில் பார்ப்பனப் பேய் உண்டு, புத்தப் பேய் உண்டு, குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் உண்டு. உயிர் கொல்லாத சமணப் பேய்க்குக் கூழில் மயிர் இருந்தால் ஆகாது என்று வடிகட்டி ஊற்றச் சொல்கிறது ஒரு பேய். பள்ளிக்கூடத்தில் இதை வீரச்சுவை என்றே போதித்துவிடுவதால், சிரிக்க வேண்டிய இடத்தில் நாம் பொழிப்புரை எழுதிக்கொண்டிருந்தோம்.

ஒரு வித்தியாசம் உண்டு. பரணியில் பிணம் பிணமாகவே கிடக்கிறது. எழுந்து நடப்பது பேய். நம்மிடம் பிணமே எழுந்த கதை வேதாளத்தின் கதைதான். முருங்கை மரத்தில் தொங்கும் பிணத்தை விக்கிரமாதித்தன் தோளில் சுமந்து வருகிறான். அதற்குள் இருக்கும் வேதாளம் வழியெல்லாம் கதை சொல்லிக் கடைசியில் ஒரு கேள்வியும் போடுகிறது. ராஜா வாயைத் திறந்தால் பிணம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். எத்தனை நாகரிகமான பிணம், பாருங்கள்! கடிக்காது, ஆனால் தர்க்கம் செய்யும். நியாயம் எது, அநியாயம் எது என்று தெரிந்துகொள்ளாமல் அதற்கு ஓய்வே இல்லை.

வாய் பேசாத பிணம் வேறு தேசத்துச் சரக்கு. அது பிறந்த இடம் கரிபியன் கடலில் உள்ள ஹெய்ட்டி நாடு. அந்த நாடு பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தபோது ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 1804-இல் சுதந்திர நாடாகிவிட்டார்கள். அடிமைத்தனம் போயிற்று, பயம் போகவில்லை. செத்த பிறகாவது விடுதலை என்று நம்பினவனை ஒரு மந்திரவாதி குழியிலிருந்து எழுப்பி மறுபடியும் தோட்ட வேலைக்கு அனுப்பிவிடுவான். கூலி கிடையாது, வாய் திறக்க முடியாது, மரணம்கூடக் காப்பாற்றாது. இதுதான் அந்த ஊர் ஜாம்பி. அது யாரையும் கடிப்பதில்லை; அதைக் கண்டு ஓட வேண்டியதும் இல்லை. அங்கே ஒருவன் பயப்படுவதெல்லாம் தானும் அப்படி ஆகிவிடுவோமோ என்றுதான்.

ஜாம்பிக்கு உப்புப் போட்ட ஆகாரம் கொடுத்தால் அதற்குச் சுய நினைவு திரும்பிவிடும் என்று அந்த நாட்டு ஜனங்கள் சொல்வார்களாம். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோஷம் கெட்டவனைப் பார்த்து நாம் என்ன கேட்கிறோம்? "நீ உப்புப் போட்டுத்தானே சோறு தின்கிறாய்?" என்றுதானே? ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, ஒருவரை ஒருவர் பாராத இரண்டு ஜனங்கள் ஒரே சரக்குக்கு ஒரே மருந்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பார்க்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பக்கத்துத் தீவுகளான குவாதலூப்பிலும் மார்த்தினீக்கிலும் 1848-இல் அடிமைமுறை ஒழிந்ததும், கரும்பு வெட்ட ஆள் பிடித்தது புதுச்சேரியிலும் காரைக்காலிலுமிருந்துதான். பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி பாரதியார் பாடியிருக்கிறார். குவாதலூப்புக்குப் போனவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்து ஒரு சினிமாகூட வந்ததில்லை. ஃபிளாஷ்பேக் தேடுகிறவர்கள் அங்கே போய்த் தேடலாம்.

அமெரிக்கா 1915 முதல் 1934 வரை ஹெய்ட்டியில் படையை வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் போய் வந்த ஸீப்ரூக் என்பவர் 1929-இல் ஒரு புத்தகம் எழுதினார். மூன்றாவது வருஷமே சினிமாக்காரர்கள் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். 1932-இல் வந்த 'ஒயிட் ஜாம்பி'யில் ஒரு காட்சி. சர்க்கரை ஆலையில் செத்தவர்கள் செக்கைச் சுற்றித் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் தவறி யந்திரத்துக்குள் விழுந்துவிடுகிறான். மற்றவர்கள் நிற்கவில்லை, சக்கரமும் நிற்கவில்லை. பின்னால் வந்த எந்த ரத்தக் களறியிலும் அந்தக் காட்சியின் கொடுமை இல்லை.

இப்படி உழைத்துக்கொண்டிருந்த பிணத்தை மனித மாமிசம் தின்ன வைத்த பெருமை ஜார்ஜ் ரோமெரோ என்ற இளைஞருக்கு உரியது. 1968-இல் பிட்ஸ்பர்க் நகரத்துப் பக்கம் சொற்பக் காசில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. அதில் 'ஜாம்பி' என்ற வார்த்தையே வராது. கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பைப் போட மறந்துவிட்டார்கள். அதனால் படம் ஊர்ப் பொதுச் சொத்தாகிவிட்டது. இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஒரு தரம் பயந்ததை இன்னொரு தரம் பார்த்துச் சிரிக்கத் தோன்றும் அல்லவா? 2004-இல் இங்கிலாந்தில் 'ஷான் ஆஃப் த டெட்' என்ற படம் வந்தது. அதில் ஒரு கடைச் சிப்பந்தி, தூக்கக் கலக்கத்தோடு தெருவில் நடந்து போகிறான். தெரு முழுவதும் ஜாம்பிகள் ஆகிவிட்டது அவனுக்குத் தெரியவே இல்லை. தினசரி பார்க்கிற முகங்களும் அப்படித்தானே இருந்தன! காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று இறங்கி வரும் முகங்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஹாஸ்யத்தை விளக்க வேண்டியதில்லை. தமிழில் அதற்கு நல்ல சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: நடைப்பிணம். ஆனால் நாம் அதைச் செத்தவனுக்குச் சொல்வதில்லை. உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் சொல்கிறோம்.

நம் தேசத்துக்கு இந்தச் சரக்கு 2013-இல் ஹிந்தியில் 'கோ கோவா கோன்' என்ற பெயரில் வந்து இறங்கியது. ராஜ், டீ.கே. என்ற இரட்டையர் எடுத்தார்கள். சைஃப் அலி கான் ரஷ்யாக்காரன் மாதிரி பாசாங்கு செய்துகொண்டு துப்பாக்கியோடு வருவார். நம் ஊரில் பேய் பிசாசு இருக்கலாம், ஜாம்பி எப்படி வந்தது என்று திகைக்கிற பாத்திரங்கள், வெளிதேசத்தார் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். வேடிக்கைக்குத்தான். ஆனால் நோய் என்றால் அடுத்தவன் கொண்டுவந்தது என்று முடிவு கட்டும் புத்தி வேடிக்கையில்லாத இடத்திலும் உண்டு.

தமிழில் முதல் முயற்சி சக்தி சௌந்தர் ராஜனின் 'மிருதன்'. 2016 பிப்ரவரியில் வந்தது. மிருகத்தையும் மனிதனையும் ஒட்டுப் போட்டுச் செய்த பெயர், நல்ல பெயர்தான். ஜெயம் ரவி ஊட்டியில் போக்குவரத்துப் போலீஸ்காரர். ரசாயனக் கழிவைக் குடித்த நாய் கடித்து ஊரே மிருகமாகிறது. மிருதன்களுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். இந்தப் படத்தில் சிரிப்புக் குறைவு, தங்கைப் பாசம் அதிகம். கதாநாயகனே கடைசியில் தப்பவில்லை. நாயும் தண்ணீர்ப் பயமும் என்றதும் நமக்குப் புரிந்துவிடுகிறது: இது ஹெய்ட்டியிலிருந்து வந்ததில்லை, வெறிநாய்க்கடியிலிருந்து வந்தது. அந்த நோய்க்கு ஊசி தயாரிக்கவென்றே 1907-இல் ஏற்பட்ட பாஸ்டர் நிலையம் ஊட்டிக்குப் பக்கத்தில் குன்னூரில் இருக்கிறது. கதாசிரியர் அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, பொருத்தமான மலையைப் பிடித்துவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து வந்த 'ஜாம்பி'யில் மலையும் இல்லை, மருந்தும் இல்லை. சிரிப்பு மாத்திரம் இருந்தது. படம் பெரிதாக ஓடவில்லை. ஒரு சிக்கலை அது தீர்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம். பேயைப் பார்த்துச் சிரிக்கலாம். அதன் வழக்கைக் கேட்டபின் அழலாம். ஜாம்பியைப் பார்த்து என்ன செய்வது? நேற்று வரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவன் கடிபட்டுவிட்டான். அந்த நிமிஷம் முதல் அவன் ஆள் இல்லை. கட்டையை எடுத்து மண்டையில் போடலாம், குற்றமில்லை, தியேட்டரே கைதட்டும். இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் சிரிப்பு இந்த அனுமதியின் மேல்தான் நிற்கிறது. நானும் கைதட்டினேன். அதை ஒளிக்கவில்லை.

படம் விட்டு மின்சார ரயிலில் திரும்பினோம். குரோம்பேட்டையை விட்டால் அடுத்தது தாம்பரம் ஸானடோரியம் ஸ்டேஷன். வண்டி நின்றதும் எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது, பல்லாவரத்திலிருந்து தாம்பரம் சந்தைக்குப் போவோம். இந்த ஸ்டேஷன் வந்ததும் பாட்டி முந்தானையால் தன் மூக்கையும், கையால் என் மூக்கையும் பொத்துவாள். வண்டி நகர்ந்த பிறகுதான் விடுவாள்.

அந்த ஸானடோரியத்தை 1928-இல் ஆரம்பித்தவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் ஆசிரமம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் சீமையில் நோயாகக் கிடந்த நாட்களில் சில காலம் அவரிடம் சிகிச்சையில் இருந்திருக்கிறார். 1931-இல் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் வருவதற்கு முன்பே இந்த ஆசிரமம் வந்துவிட்டது. 1937-இல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் காற்றும் வெளிச்சமும் ஓய்வும் சத்துள்ள ஆகாரமும்தான் மருந்து. ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் நோயாளிகளை வைத்தது அவர்கள் நன்மைக்காக. ஊரோ அதை வேறு விதமாக அர்த்தம் செய்துகொண்டது.

1956-இல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். 193 காசநோயாளிகள். ஒரு பாதியினர் ஸானடோரியத்தில் நல்ல படுக்கையும் நல்ல சாப்பாடுமாக இருந்து ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டார்கள். மறுபாதியினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, அரைகுறைச் சாப்பாட்டோடு, அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகிவிட்டார்கள். வீட்டிலிருந்த குழந்தை குட்டிகளுக்கும் அதனால் அதிகப்படியாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுவதும் காசநோய் ஆஸ்பத்திரிகள் போக்கை மாற்றிக்கொண்டன. நோயாளியை வீட்டை விட்டு விலக்க வேண்டாம் என்று உலகத்துக்குச் சொன்ன ஊர் இது. என் பாட்டிக்கு மாத்திரம் அந்தத் தகவல் எட்டவில்லை.

1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சென்னையில் சுனீதி சாலமனும் நிர்மலா செல்லப்பனும் கண்டறிந்தார்கள். 1990-களில் மற்ற ஆஸ்பத்திரிகள் பல வாசலிலேயே நிறுத்திவிட்ட அந்த நோயாளிகளைத் தாம்பரம் ஸானடோரியம் உள்ளே விட்டது. நாடு நெடுகிலுமிருந்து ரயிலேறி அவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். ரயிலில் எத்தனை பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்களோ!

2020 வந்தது. ஜி.எஸ்.டி. ரோடில் ஒரு வாகனம் இல்லை. சேலையூர் ஏரிக்கரையில் நாய் மாத்திரம் நடந்துகொண்டிருந்தது. என் தம்பி மகன் வீட்டிலேயே அடைபட்டு, நான் சொன்ன அந்த 1968-ஆம் வருஷத்துப் படத்தைக் கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்தான். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பென் என்ற நீக்ரோ இளைஞன் ஒருவன், நடைப்பிணங்களோடு இரவெல்லாம் போராடிப் பிழைக்கிறான். பொழுது விடிகிறது. காப்பாற்ற வந்த கும்பல், ஜன்னலில் அவன் தலையைக் கண்டதும் இதுவும் ஒன்று என்று சுட்டுவிடுகிறது.

அதே ஏப்ரல் மாதத்தில்தான் அது நடந்தது. சென்னையில் ஒரு நரம்பு நோய் டாக்டர் கொரோனாவில் இறந்துபோனார். அவர் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய விடவில்லை. வேலங்காட்டு மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் ஒரு கும்பல் கல்லையும் கட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, டிரைவருக்கு ரத்தக் காயம். செத்தவரின் மனைவி மக்கள் திரும்பிப் போக வேண்டியிருந்தது. பின்னர் நடுராத்திரியில் உடன் வேலை பார்த்த இன்னொரு டாக்டர் வார்டு சிப்பந்திகள் இரண்டொருவரோடு போலீஸ் துணையில் வந்து, தாமே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். பேசாமல் கிடந்தவர் ஒருவரே பிணம். ஓலமிட்டுக்கொண்டு கூட்டமாக வந்தவர்கள் உயிரோடு இருந்தவர்கள்.

இந்தப் பல்லாவரத்து மண்ணில் மூத்த குடிகள் தங்கள் செத்தவர்களைச் சுட்ட மண் பேழையில் வைத்து, பக்கத்தில் கலயங்களும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட பேழைகள் வீடு கட்டத் தோண்டும்போது இன்றும் கிடைக்கின்றன. கலயத்தில் எதை வைத்தார்களோ தெரியாது. வைத்தார்கள் என்பது தெரிகிறது.

தம்பி மகன் அன்று படத்தை மூடிவிட்டு, "பெரியப்பா, ஸானடோரியத்துல நம்ம வீட்டு ஆளு யாராவது இருந்திருக்காங்களா?" என்று கேட்டான்.

இருந்தார். என் பாட்டியின் கூடப்பிறந்த தம்பி. கல்யாணமாகாத வயதில் பதினான்கு மாதம் அங்கே இருந்துவிட்டு, பூரண குணம் என்ற சர்டிபிகேட்டோடு வந்தவர். அதன் பிறகு முப்பது வருஷம் உயிரோடு இருந்தார். முப்பது வருஷமும் எங்கள் பல்லாவரத்து வீட்டுத் திண்ணையில். தனித் தட்டு, தனி டம்ளர். ஸ்டேஷனில் என் மூக்கைப் பொத்திய கைதான் அவருக்குச் சோறு போடும், எட்ட நின்று. யாராவது விசாரித்தால், "நடைப்பிணத்துக்கு என்ன குறைச்சல்?" என்பார்.

நாங்கள் குழந்தைகள் அவருக்குத் திண்ணைத் தாத்தா என்று பெயர் வைத்திருந்தோம். கிட்டே போகக்கூடாது என்று உத்தரவு. ஆகையால் திண்ணையின் மறுகோடி வரை போவோம். அவர் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருப்பார். மூச்சே தெரியாது. நாங்கள் ஒவ்வோர் அடியாக நெருங்குவோம். திடீரென்று இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு 'ஹோ' என்று எழுந்து உட்காருவார். நாங்கள் அலறிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடுவோம். ஓடி, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, மறுபடியும் வந்து திண்ணைக் கோடியில் நிற்போம். அவர் மறுபடியும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு செத்துப்போயிருப்பார்.